கண்ணாடிக் கும்மி

பிரிக்ஃபீல்ட்ஸ்
கோலாலம்பூர்
12 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

லோகேஸ்வரி எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உங்கள் இருமல் நின்றதா? அண்ணனுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வீட்டுக்கு இருப்பது ஒரே போன், அதுவும் விடிந்ததும் அண்ணனோடு லோரி ஏறிவிடுகிறது. அவரிடம் ஒன்றைச் சொன்னால் உங்கள் காதுக்கு வரும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பயிற்சி நிலையத்துக்கு ஒரு பெரிய திட்டம் கிடைத்திருக்கிறது. செம்பனை எண்ணெய்த் தோட்டங்களில் மருந்து அடிக்கும் பெண்களுக்குப் பாதுகாப்பு பற்றிச் சொல்லித்தர வேண்டும். செலவை உங்கள் தோட்டக் கம்பெனியே ஏற்றுக்கொள்கிறது. இதற்கு முன் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்களாம், யாரும் படிக்கவில்லை. கூட்டம் போட்டார்களாம், எல்லோரும் தூங்கினார்களாம். எங்கள் தலைவி எவலின் கேட்டார்: "உங்க ஆளுங்க எதை உட்கார்ந்து பார்ப்பாங்க?" நான் யோசிக்காமல் சொன்னேன், "எங்க அண்ணி கும்மியை."

மாரியம்மன் திருவிழாவில் நீங்கள் நடுவில் நின்று பாட்டெடுத்தால் தோட்டமே எழுந்து வரும். அதே கும்மி, அதே மெட்டு, சொற்களை மட்டும் மாற்ற வேண்டும். கையுறை போட வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மூடி, காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. இந்த நான்கும் பாட்டில் வந்தால் போதும். எட்டுப் பெண்கள் வேண்டும்.

ஒன்றை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் இன்னும் ஒப்பந்த வேலையில்தான் இருக்கிறேன். இது நல்லபடியாக நடந்தால் நிரந்தரமாக்குவார்கள். அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம், வீணாக ஆசைப்படுவார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
லோகேஸ்

*

செராய் தோட்டம்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள லோகேஸ்,

உன் கடிதம் தோட்டத்து ஆபீஸ் வழியாக வந்து சேர்ந்தது. நாங்கள் நலம். என் இருமல் வரும், போகும். உன் அண்ணன் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லோரி ஓட்டுகிறார். நீ கடைச் சோற்றிலேயே காலம் தள்ளாதே. ஒரு ரசமாவது வைத்துக்கொள்.

பெண்களிடம் சொன்னதும் ஒரே சிரிப்பு. "மருந்து அடிக்கிறதுக்கும் கும்மியா?" என்றார்கள். குமுதாதான் முதலில் வந்தாள். உனக்கு அவளைத் தெரியும், கடைசி லயத்து வீட்டில் இருப்பவள். புருஷன் போன பிறகு மகளை ஐந்தாம் படிவம் வரை தனியாகப் படிக்கவைத்திருக்கிறாள். "படம் பிடிச்சா என் மக பார்ப்பா அக்கா, அம்மா மருந்து மட்டும் அடிக்கல, ஆடவும் செய்வான்னு" என்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சேர்ந்தார்கள். வேலை முடிந்து குளித்துவிட்டுப் பெரட்டுக் களத்தில் கூடுகிறோம். காலையில் எங்கள் பேர் கூப்பிடும் இடத்தில் மாலையில் கும்மி. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஓரமாக நின்று பார்க்கிறார்.

பாட்டு இப்படிக் கட்டியிருக்கிறேன்:

கையுறை மூக்குறை போடம்மா – ரெண்டு
கண்ணுக்குங் கண்ணாடி போடம்மா
காத்து எதுக்க நிக்காத – இந்தக்
காட்டு மருந்துல சிக்காத

இரண்டாவது கண்ணியும் தானாக வந்துவிட்டது:

போடச் சொன்னீங்க போடுறோம் – நாங்க
போட்டுக்க எங்கன்னு தேடுறோம்
பெட்டிய எப்பத் தொறப்பீங்க – எங்க
பேரச் சொல்லிக் கொடுப்பீங்க

இதைப் பாடும்போதுதான் பெண்களுக்குக் கை நன்றாகச் சேர்கிறது. உண்மையும் அதுதான். கண்ணாடி என்ற ஒன்றை இந்தத் தோட்டத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மூக்கு மூடி போன வருஷம் ஒரு தடவை கொடுத்தார்கள். இப்போது பழைய டீசர்ட்டைக் கிழித்து முகத்தில் கட்டிக்கொள்கிறோம்.

உன் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

உன் அண்ணி
வீரம்மா

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
15 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சுகம்தானே? எனக்கு லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை. நேற்றுச் சித்திரைப் புத்தாண்டுக்கு வர முடியாமல் போனதற்கு அண்ணன் கோபித்துக்கொண்டிருப்பார். நீங்கள்தான் சமாதானம் சொல்ல வேண்டும்.

உங்கள் பாட்டை அலுவலகத்தில் படித்துக் காட்டினேன். எவலின் தமிழ் கொஞ்சம்தான் பேசுவார், ஆனாலும் மேசையில் தாளம் போட்டுக் கேட்டார். முதல் கண்ணி அப்படியே இருக்கட்டும், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம் என்கிறார்.

இரண்டாவது கண்ணியைத்தான் இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். அது தவறு என்று இல்லை. இது சொல்லித்தருகிற நிகழ்ச்சி, கேட்கிற நிகழ்ச்சி இல்லை என்று எவலின் சொன்னார். கம்பெனிக்காரர்களும் வந்து உட்காரப் போகிறார்கள், முதல் தடவையே அவர்கள் முகம் சுளித்தால் திட்டம் நின்றுவிடும். நின்றுவிட்டால் கண்ணாடியும் வராது. அடுத்த கட்டத்தில் அதைப் பேசலாம்.

மே நான்காம் தேதி சனிக்கிழமை படப்பிடிப்பு. கண்ணாடி, கையுறை, மூக்கு மூடி எல்லாம் கம்பெனி கொண்டுவரும். பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தினால் நன்றாக இருக்கும். பச்சை இருக்கிறதா?

அன்புடன்
லோகேஸ்

*

செராய் தோட்டம்
9 மே 2024

அன்புள்ள லோகேஸ்,

நாங்கள் சுகம். நீ அன்று மெலிந்து தெரிந்தாய். உன் அண்ணன் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். வந்தவள் ஒரு வாய் சாப்பிடாமல் வேனில் ஏறிப் போனாயே, அந்தக் கோழிக் குழம்பை மூன்று வேளை நாங்களே சாப்பிட்டோம்.

ஆட்டம் உனக்குத் திருப்திதானே? நான்கு தடவை ஆடச் சொன்னீர்கள். கண்ணாடிக்குள் வியர்வை இறங்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஆனாலும் பெண்களுக்குச் சந்தோஷம். குமுதா கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "இதப் போட்டா ரோடு போடுற இன்ஜினியர் மாதிரி இருக்குல்ல அக்கா" என்று எல்லோரிடமும் கேட்டாள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை, எழுதிவிடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி ஒரு பெட்டியோடு வந்தார். எட்டுக் கண்ணாடி, எட்டு மூடி, எட்டு ஜோடிக் கையுறை என்று எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டார். குமுதா கொடுக்காமல் நின்றாள். "திங்கக்கிழமை மருந்துக்குப் போறப்போ வேணுமே" என்றாள். "இது ஷோவுக்கு வந்தது லா. ஹெட் ஆபீஸ் சாமான். குடு" என்று அவள் தலையிலிருந்து அவரே கழற்றினார். உங்கள் கேமராப் பையன் மார்க் அதையும் பிடித்துக்கொண்டிருந்தான். நீ வேனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்கு அவசரம் இருந்திருக்கும் என்று நான் குமுதாவிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை பழையபடி டீசர்ட்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வீரம்மா

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
20 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. தாமதத்துக்கு மன்னியுங்கள். நீங்களும் அண்ணனும் நலம் என்று நம்புகிறேன். இங்கே மூச்சுவிட நேரமில்லை.

நல்ல செய்தியோடு எழுத வேண்டும் என்றிருந்தேன். உங்கள் கும்மியைக் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் பெரிய திரையில் போட்டார்கள். நான்கு நாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் அண்ணி. தொழிலாளிக்குத் தெரிந்த கலையை வைத்தே தொழிலாளிக்குச் சொல்வது என்பது பெரிய விஷயம் என்று ஒரு பேராசிரியர் பேசினார். பாட்டெழுதியது என் அண்ணி என்று நான் எல்லோரிடமும் சொன்னேன்.

ஜூலையிலிருந்து எனக்கு வேலை நிரந்தரம். இப்போது அண்ணனிடம் சொல்லலாம்.

பெட்டி விஷயத்தை நான் மறக்கவில்லை. அடுத்த கட்டத்துக்கான குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் எட்டுப் பேருக்கும் புடவை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்
லோகேஸ்

*

செராய் தோட்டம்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள லோகேஸ்,

நீ நலமாக இரு. உன் வேலைச் செய்தி கேட்டு உன் அண்ணன் லயம் முழுக்க நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். இங்கே செய்தி நல்லதில்லை.

ஜூலை பதினாறாம் தேதி குமுதாவின் பம்பில் குழாய் வாய் பிடுங்கிக்கொண்டது. மருந்து பீய்ச்சி நேராக இடது கண்ணில் அடித்தது. நான் இரண்டு வரிசை தள்ளி நின்றேன். அவள் கத்தவில்லை. "அக்கா, அக்கா" என்று கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்து வந்தாள். கழுவ நல்ல தண்ணீர் இல்லை. குழாய் இருப்பது ஆபீஸ் பக்கத்தில். கால்வாய்த் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். அது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆனது. இடது கண் போய்விட்டது.

அவள் குத்தகைக்காரரிடம் பெயர் கொடுத்து வேலை செய்தவள். அந்த ஆள் அவள் பெயரை எந்தக் காப்புறுதியிலும் சேர்க்கவில்லை. கம்பெனியைக் கேட்டோம். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. லாயர் மகதலேனா படித்துச் சொன்னார். கிள்ளானில் இருப்பவர், எங்களுக்காக இலவசமாக வருகிறார். கடிதத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? குமுதாவுக்கு மே நான்காம் தேதி முழுப் பாதுகாப்புப் பயிற்சியும் சாதனமும் கொடுக்கப்பட்டதாம். அதற்கு வீடியோ ஆதாரம் இருக்கிறதாம். அவளே கண்ணாடி போட்டுக்கொண்டு, கண்ணாடி போடச் சொல்லிப் பாடுகிறாளாம். தெரிந்தும் போடாமல் போனது அவள் குற்றமாம்.

லோகேஸ், கிராணி திரும்ப வாங்கிப் போனதும் உங்கள் கேமராவில் இருக்கிறது. அந்தத் துண்டு போதும் என்று லாயர் சொல்கிறார். அதை எடுத்துக் கொடு.

இனிமேல் ஆபீஸ் முகவரிக்கு எழுதாதே. சென்ற கடிதத்தின் உறை பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. தெலுக் பங்லிமா காராங் டவுனில் கன்னையா அண்ணன் மளிகைக் கடைக்கு அனுப்பு. உன் அண்ணன் வாங்கி வருவார்.

வீரம்மா

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். குமுதா அக்காவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவருக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். மகள் படிப்பு நின்றுவிடக் கூடாது. உதவித்தொகை கொடுக்கும் இரண்டு சங்கங்களின் முகவரியை இதோடு வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டது பற்றி. படம் பிடித்தது எல்லாமே அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது. செலவு செய்தது கம்பெனி என்பதால் அவர்களுக்கும் அதில் உரிமை உண்டு. என் கையில் எதுவும் இல்லை. எவலின் விடுமுறையில் இருந்தார், இப்போதுதான் வந்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கிறேன். இதை அவசரப்பட்டுச் செய்ய முடியாது. மார்க் வேறு வேலைக்குப் போய்விட்டான். கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

தீபாவளிக்கு இந்த முறை கட்டாயம் வருகிறேன். அண்ணனுக்கு என்ன அளவுச் சட்டை? இங்கே நிறைய மழை. துணி காய்வதே இல்லை.

லோகேஸ்

*

செராய் தோட்டம்
2 அக்டோபர் 2024

லோகேஸ்,

நாங்கள் இருக்கிறோம்.

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குக் கிள்ளானில் கம்பெனி ஆபீஸில் விசாரணை. வீடியோத் துண்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறார் லாயர் மகதலேனா. "உங்க நாத்தனார் வந்து, பெட்டியைத் திருப்பி வாங்கினதை நான் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க சொன்னா தொழிலாளி சொல்றதுன்னு தள்ளிடுவாங்க. அவங்க சொன்னா தள்ள முடியாது" என்றார்.

வருவாயா, மாட்டாயா. அதை மட்டும் எழுது. சட்டை வேண்டாம்.

வீரம்மா

*

செராய் தோட்டம்
20 அக்டோபர் 2024

லோகேஸ்,

பதில் வராவிட்டாலும் நேரே வந்துவிடுவாய் என்று உன் அண்ணன் சொன்னார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கிள்ளான் ரயில் நிலையத்தில் காலை எட்டு மணிக்கே போய் நின்றார். வந்த ஒவ்வொரு ரயிலையும் பார்த்தார். பத்தே காலுக்கு நான்தான் அவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினேன். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சுவரில் வீடியோவைப் போட்டார்கள். எட்டுப் பேரும் பச்சைப் புடவையில் சுற்றி வருகிறோம். நன்றாகத்தான் ஆடியிருக்கிறோம். கம்பெனி வக்கீல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"பாட்டு யார் எழுதினது?"

"நான்."

"கண்ணுக்குக் கண்ணாடி போடணும்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்துல பாடுற குமுதாவுக்கும் தெரியும். அப்படித்தானே?"

"தெரியும் சார். ஆனா கண்ணாடிய அன்னைக்கே வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

நான் கதவைப் பார்த்தேன். வக்கீலும் திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு எதையோ எழுதிக்கொண்டார்.

கிராணி வந்து, சாமான்களைப் பெண்களிடமே விட்டுவிட்டதாகச் சொன்னார். எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். அது நீங்கள் படம் பிடிக்கச் சம்மதம் என்று சொல்லி வாங்கிய தாள். மேலே ஆங்கிலத்தில் என்ன இருந்தது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

நஷ்ட ஈடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகலாம், வருஷக்கணக்காகும் என்றார் லாயர். குமுதா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஒற்றைக் கண்ணோடு மருந்து வேலைக்கு எடுக்க மாட்டார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து என்னைத்தான் கேட்டாள். "அக்கா, நம்ம ஆடாம இருந்திருந்தா?"

தீபாவளிக்கு வர வேண்டாம். உன் அண்ணன் சொல்லச் சொன்னார்.

வீரம்மா

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
28 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன். அண்ணன் என் போனை எடுப்பதில்லை. நீங்களாவது முழுதும் படியுங்கள்.

அன்று காலை நான் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வரை வந்தேன். டிக்கெட்டும் எடுத்தேன். எவலின் போனில் கூப்பிட்டார். நான் சாட்சி சொன்னால் கம்பெனி திட்டத்தை நிறுத்திவிடும், பதினொரு பேருக்கு வேலை போகும் என்றார். நான் அப்படியே திரும்பிவிட்டேன். நீங்கள் கேட்ட வீடியோத் துண்டு இப்போது இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று கேட்காதீர்கள். அந்தக் கணினி என் மேசையில் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை அண்ணி. இந்தத் திட்டம் இன்னும் ஆறு தோட்டங்களுக்குப் போகிறது. ஆட ஒரு நிரந்தரக் குழு வேண்டும். குமுதா அக்காவை எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். மாதச் சம்பளம், காப்புறுதி, வேன் வந்து கூட்டிப் போகும். மருந்து தொட வேண்டாம். குமுதா அக்காவும் ஒப்புக்கொண்டார். உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும், நீங்களே கேளுங்கள்.

நீங்களும் வரலாம். உங்கள் பாட்டுதான்.

என்னால் முடிந்தது இதுதான்.

லோகேஸ்

*

செராய் தோட்டம்
19 ஜனவரி 2025

லோகேஸ்வரி அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். பொங்கல் வந்து போனது. உங்கள் அண்ணன் லோரி ஓட்டுகிறார்.

குமுதா என்னிடம் சொன்னாள். நான் அவளைத் தடுக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை முடிந்தால் மேற்படிப்பு இருக்கிறது. தடுக்கிறவள் சோறு போட வேண்டும். ஒரு பக்கம் பார்வை இல்லாமல் ரோடு தாண்டப் பயப்படுகிறாள் என்று நேற்று நானும் அவளோடு வேனில் போனேன். வேறு தோட்டம். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் கோலாலம்பூர்ப் பிள்ளைகள். நீங்கள் வரவில்லை.

கும்மியில் பக்கத்தில் இருப்பவள் கையைப் பார்த்துத்தான் தட்ட வேண்டும். இடது பக்கம் நிற்பவள் கை குமுதாவுக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை வெறும் காற்றில் தட்டினாள். புதிய கேமராக்காரன் வந்து தோளைப் பிடித்து அவளை இடம் மாற்றி, "கண்ணு கேமராவுக்குத் தெரியுற மாதிரி நில்லுங்க அக்கா" என்றான். மறைக்கச் சொல்லுவான் என்று நினைத்திருந்தேன். தெரிய வேண்டும் என்றான்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது குமுதா மட்டும் எழுந்து நின்றாள். சந்திரகலா என்று அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்திதான் முதலில் கேட்டாள், "கண்ணுல என்னாச்சு அக்கா?"

குமுதா மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான் கண்ணாடி போடாம மருந்து அடிச்சேன். கம்பெனி சொல்லிக் கொடுத்தது, நான் கேக்கல. என் கவனக்குறைவு. நீங்க யாரும் என்னை மாதிரி இருக்காதீங்க." ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மேனேஜர் முதல் ஆளாகக் கைதட்டினார்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

"வேலையே அதுதான் அக்கா. ஆடுறதுக்கு இல்ல. அதைச் சொல்றதுக்குத்தான் என்னை எடுத்தாங்க. எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க" என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்.

பத்து மாதமாக உங்கள் கடிதங்களைப் படித்து வருகிறவள் நான். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அந்தத் தாளை இதோடு வைத்து அனுப்புகிறேன். குமுதாவுக்கு அது இனி வேண்டாம். பாடமாகிவிட்டது.

வீரம்மா சுகுமாறன்